வெள்ளிக்கிழமை மீன்

பினாங்கிலிருந்து கப்பல் வந்துவிட்டால், நாகூரில் மைமூன் வீட்டு வாசலில் செருப்பு விட இடமிருக்காது. வரும் மலாய்க் கடிதங்களைத் தமிழாக்கி வாசித்துக் காட்டுவது அவள் தொழில். அதைக் கற்றுக்கொள்ள வந்தவர் பாவா சாகிபு. முப்பது வருசம் கப்பலில் எழுத்தராக இருந்தவர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவளை 'லாத்தா' என்று அக்காள் முறை வைத்துத்தான் கூப்பிடுவார். அவள் 'நானா' என்று அண்ணன் முறை வைப்பாள். ஊர் சிரித்துப் பார்த்து ஓய்ந்துவிட்டது.

மைமூனிடம் ஒரு வழக்கம் உண்டு. கடிதம் யாருக்கோ, அவர் வீட்டில் போய் முதலில் உட்கார வேண்டும். அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தமிழில் ஒரு சொல் போடலாம்.

அன்று பாவா சாகிபு எங்கும் போய் உட்காரவில்லை. எழுதிய காகிதத்தோடு நேராக வந்தார்.

"முடிச்சிட்டேன் லாத்தா."

ஆசியம்மாளுக்கு வந்த கடிதம் அது. அவள் மகன் இலியாஸ் பினாங்கில் காய்ச்சலில் இறந்து, நாற்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதியாகிவிட்டது. அவன் அங்கே தங்கியிருந்த வீட்டுக்காரி ரொகயா இப்போது எழுதியிருக்கிறாள்.

மைமூன் வாசித்தாள். சாப்பிட்டான். பார்த்தான். சிரித்தான்.

"எல்லாத்தையும் முடிஞ்சு போனதா எழுதி, எல்லாக் கதவையும் சாத்திட்டீங்களே நானா."

"நான் என்ன செய்ய? அரபியில வேலை முடிஞ்சுதா முடியலையான்னு பாத்து எழுதிடலாம். மலாய்க்காரன் அதைக்கூடக் கேக்கமாட்டான். நேத்து சாப்பிட்டாலும் மாக்கான், நாளைக்கு சாப்பிட்டாலும் மாக்கான். தமிழ் விடுதா? எப்ப, எப்பன்னு கழுத்தப் புடிக்குது. மவுத்தாப் போன புள்ளைய 'சாப்பிடுறான்'னு எழுதினா பொய்யில்லையா?"

"பொய்தான்."

"அப்ப நான் எழுதினது சரி."

"ஆசியம்மா மாமி வீட்டுல போய் உக்காந்தீங்களா?"

ஆசியம்மாள் வாசலில் நின்று இலியாஸ் இறந்த தந்தியை வாசித்தவர் பாவா சாகிபுதான். அன்றிலிருந்து அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார், வருகிறார்.

"எந்திரிங்க," என்றாள் மைமூன்.

ஆசியம்மாள் வெறும் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது நாளாக அந்த அடுப்பில் மீன் ஏறவில்லை. நிலைப்படியில் ஒரு சாம்பல் பூனை சுருண்டு கிடந்தது.

"வா புள்ள. தந்தித் தம்பியையும் கூட்டியாந்திருக்கியா? இன்னிக்கு யாரைக் கொண்டுபோகப் போறாராம்?"

பாவா சாகிபு சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். மைமூன் கடிதத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"இது யார் வீட்டுப் பூனை மாமி?"

"யார் வீட்டுதோ. கெடுத்து வச்சது அவன்தான். கொடுவா மீன்னா அவனுக்கு உசிரு. ஆனா முள்ளை நான் எடுத்து வைக்கணும், இல்லாட்டித் தட்டைத் தள்ளிருவான். தனக்கு ஒரு வாய் வைப்பான், இதுக்கு ஒரு வாய் போடுவான். மீசை வந்த பொறவும் அப்படித்தான்." கரண்டி நின்றது. "அந்த ஊருல முள்ளோடதான் தின்னிருப்பான். யாரு எடுத்துக் குடுக்கப் போறா? அந்த நெனப்புதான் புள்ள என்னைத் தூங்க விடல."

பாவா சாகிபு தலை நிமிர்ந்தார். தாம் எழுதிய காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். மலாய்க் கடிதத்தைக் கையில் எடுத்தார்.

"'வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து எங்களோடுதான் சாப்பிடுவான். மீன் என்றால் தட்டைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பான். நான் முள்ளெடுத்து வைப்பேன். என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.'"

ஆசியம்மாள் அடுப்பை விட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"'காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டான்.'"

அந்த இடத்தை அவர் மாற்றவில்லை. ஆசியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் கேட்டாள்.

"சின்ன முள்ளையும் பாத்து எடுப்பாளா அவ?"

பாவா சாகிபு கடிதத்தை இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அதை எழுதலையே."

"கேட்டு எழுதுங்க தம்பி," என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் இங்க சாப்பிட வாங்க," என்றாள்.

திரும்பும்போது பாவா சாகிபு சுற்றுவழியைப் பிடிக்கவில்லை. அந்தத் தெருவின் நடுவிலேயே நடந்தார். தெருமுனை வந்ததும் நின்றார்.

"லாத்தா, 'சாப்பிடுவான், சிரிப்பான்'னு நான் வாசிச்சது நேத்தா, நாளைக்கா?"

மைமூன் நடந்துகொண்டே சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை மீனை நீங்க வாங்கிட்டுப் போங்க நானா. முள்ளு நெறைய உள்ளதாப் பாத்து."