நிலநடுக்கத்துக்கு மறுநாள்

மாசிலாமணி ஜவ்வாது மலைக்கு வந்து இறங்கியது ஜனவரி மாதம் இரண்டாம் தேதி. தோளில் ஒரு துணிப்பை, கக்கத்தில் ஒரு நீளமான நோட்டு. வயது அறுபத்தொன்று. முப்பத்தைந்து வருஷம் திருப்பத்தூரில் வீடு கட்டிக் கொடுத்த பொறியாளர். அவர் கட்டிய வீட்டில் விரிசல் விழாது என்று ஊரில் சொல்வார்கள். அவரும் சொல்வார்.

மலைமேல் இருந்த ஆசிரமம் ரொம்பச் சின்னது. ஓடு போட்ட ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, சுற்றிலும் சாமைக் கொல்லை. அங்கே இருந்தது மொத்தம் ஆறு பேர். குருவின் பெயர் சௌந்தரவல்லி. முன்பு செவிலியராக வேலை பார்த்தவர். மாசிலாமணியைவிடப் பத்தொன்பது வயது இளையவர். மாசிலாமணி போனபோது அவர் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி கும்பிட்டார். உட்காரவில்லை.

“ஒரே ஒரு கேள்விம்மா. பதில் கிடைச்சா அடுத்த பஸ்ஸுல இறங்கிடுவேன்.”

“கேளுங்க ஐயா.”

“பூமியில ஆடாத இடம் எது?”

குரு முறத்தைக் கீழே வைத்தார். “யாருக்கு?”

இந்தக் கேள்வியை மாசிலாமணி எதிர்பார்க்கவில்லை.  பிறகு உட்கார்ந்துவிட்டார்.

தாயில்லாத ஒரே மகள், அரசி. ஜப்பானில் கடலோரமாக ஒரு ஊரில், கணவனோடு நாலு வருஷமாக இருக்கிறாள். போன செப்டம்பரில் அங்கே நிலம் ஆடியது. இவர் டிவியில் பார்த்துவிட்டு பதினொரு தடவை கூப்பிட்டார். பன்னிரண்டாவது தடவை எடுத்தாள். ‘ஒண்ணுமில்லப்பா, ரெண்டு தட்டு உடைஞ்சுது’ என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை இவரால் தாங்க முடியவில்லை. ‘மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊர் வந்து சேர். இல்லேன்னா என்னைக் கூப்பிடாதே’ என்று கத்திவிட்டார். அவள் கூப்பிடவில்லை. இவரும் கூப்பிடவில்லை. அன்றைக்குத்தான் இந்த நோட்டு வாங்கினார். உலகத்தில் எங்கே பெரிதாக நிலம் நடுங்கினாலும் அதில் ஏறிவிடும்.

“ஆடாத இடம்னு ஒண்ணைக் காட்டுங்கம்மா. நானே நின்னு அங்கே வீடு கட்டறேன். அவளை வரவழைச்சிடறேன்.”

குரு நோட்டைப் புரட்டினார். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். தேதி, இடம், அளவு, ஆழம், உயிரிழப்பு. ஐந்து கட்டம்.

“ஆறாவதா ஒரு கட்டம் போடுங்க ஐயா.”

“எதுக்கு?”

“மறுநாள் காலையில அங்கே இருந்தவங்க என்ன செஞ்சாங்கன்னு எழுதறதுக்கு. இந்த வருஷம் பூரா எழுதுங்க. டிசம்பர்ல பதில் சொல்றேன்.”

“வருஷம் பூராவா?”

“பஸ் தினமும் இருக்கு” என்று குரு முறத்தை எடுத்துக்கொண்டார்.

மாசிலாமணி தங்கிவிட்டார். ஆனால் கூடத்துக்குள் படுக்க மாட்டேன் என்றார். சுவர்களை ஒரு சுற்று தட்டிப் பார்த்துவிட்டு, கயிற்றுக் கட்டிலை எடுத்துப்போய் வெட்டவெளியில் போட்டார். தலைக்குமேல் மரம்கூட இல்லாத இடமாகப் பார்த்துப் போட்டார். மழை தூறினால் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.

சமையல்கட்டு சடைச்சி அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

“பெரியவரே, பனி கொட்டுது. உள்ளே வந்து படுங்க.”

“சுவத்துக்கு நடுவுல பிடிமானம் இல்லைம்மா.”

“எனக்குந்தான் வாயில பல்லு இல்லை. நான் முறுக்கு தின்னலையா?”

மாசிலாமணி போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் இந்தோனேசியாவில் ஒரு தீவு ஆடியது. ஆறு புள்ளி நாலு. மாசிலாமணி ஐந்து கட்டத்தையும் நிரப்பிவிட்டு நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினார்.

“ஆறாவது காலியா இருக்கே?”

“பேப்பர்ல அதெல்லாம் போடறதில்லைம்மா. ஆடினதைப் போடுவான், செத்தவங்களைப் போடுவான். அதோட முடிஞ்சுது.”

“அப்போ அங்கே விடியவே இல்லையா?”

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. நேராக பாறைக்குப் போனார். மலையில் போனுக்கு சிக்னல் கிடைப்பது கொல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த ஒரு பாறைமேல்தான். இரண்டு மணி நேரம் தேடினார். கடைசியில் யாரோ போட்ட ஒரு சின்ன வீடியோ கிடைத்தது. இடிந்த வீட்டு வாசலில் ஒரு கிழவர் கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடிப்பதற்குள் ஒரு கோழி இடம் மாறிவிடும். அவர் திட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

‘கோழி எண்ணினார்கள்’ என்று மாசிலாமணி எழுதினார். எழுதும்போது தன் உதடு லேசாக விரிவது அவருக்கே தெரிந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சிலியில் பள்ளிக்கூடச் சுவர் விழுந்துவிட்டது. மறுநாள் காலை மைதானத்தில் பெஞ்சு போட்டுப் பரீட்சை வைத்துவிட்டார்கள், பிள்ளைகள் முகமெல்லாம் தொங்கிப்போயிருந்தது. துருக்கியில் மண்டபம் இடிந்துபோன கல்யாணத்தை நடுத்தெருவில் நடத்தினார்கள். மாப்பிள்ளையின் செருப்பு மட்டும் கிடைக்கவில்லை. அவர் மாமனார் செருப்போடு நின்றார். இதைப் படித்துக் காட்டியபோது குரு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சடைச்சி அம்மாள், “அந்த மாமனார் வெறுங்காலோடயா நின்னாரு?” என்று கேட்டாள். மாசிலாமணி மறுபடியும் பாறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “ஆமாம்” என்றார்.

ஜூன் மாதம் ஜப்பான் ஆடியது. ஆறு புள்ளி இரண்டு. அரசி இருந்த ஊரிலிருந்து எண்பது கிலோமீட்டர்.

உயிரிழப்பு இல்லை என்று செய்தி வந்துவிட்டது. ஆனாலும் மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை குரு கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி பக்கத்தில் போய் நின்றார்.

“ஆறாவது கட்டத்துக்கு என்னம்மா பண்றது?”

“தெரிஞ்சவங்க யாராவது அங்கே இருந்தா கேளுங்க.”

குரு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மாசிலாமணி பாறைமேல் ஏறினார். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார். அப்புறம் கூப்பிட்டார்.

“அப்பா?”

“நேத்து உங்க பக்கம் ஆறு புள்ளி ரெண்டு.”

“ஆமாம்பா.”

‘வந்து சேர்’ என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டுக் கேட்டார்: “இன்னிக்குக் காலையில என்ன பண்ணீங்க?”

“என்னது?”

“காலையில எந்திரிச்சு என்ன பண்ணீங்கன்னு கேக்கறேன்.”

“ஒன்பது மாசம் கழிச்சு கூப்பிட்டு இதைத்தான் கேக்கறீங்களா?”

“ஆமாம். எழுதணும்.”

 பிறகு அவள் சிரித்தாள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு அவரைக் குத்தவில்லை.

அவள் சொன்னாள். நேற்று ஆடியதில் லிஃப்ட் நின்றுவிட்டது. ஏழு மாடிக்காரர்களும் படியில் இறங்கினார்கள். மூன்றாம் மாடியில் ஒரு தாத்தா. நாலு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர். அவருடைய பூனை பயந்துபோய் அலமாரிக்கு அடியில் புகுந்துகொண்டது. மாப்பிள்ளை குப்புறப் படுத்து அதை இழுத்து, கையெல்லாம் கீறல் வாங்கி, கீழே தூக்கிவந்தார். இன்று காலை அந்தத் தாத்தா கதவைத் தட்டி ஒரு கூடை செர்ரிப் பழம் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

“செர்ரியா? இனிப்பா இருந்துதா?”

“புளிப்புப்பா. எனக்கு இப்போ புளிப்புதான் பிடிக்குது.”

மாசிலாமணிக்குப் புரியவில்லை.

“அப்பா, மூணு மாசம். டிசம்பர்ல பிறக்கும்னு சொல்லியிருக்காங்க.”

அவர் பாறையிலிருந்து இறங்கி வந்தபோது நோட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அன்று சடைச்சி அம்மாள் எல்லோருக்கும் வெல்லம் போட்ட சாமைப் பாயசம் வைத்தாள்.

ஆனால் ஆகஸ்டில் வந்தது அப்படி இல்லை. மலைநாடு ஒன்றில் விடியற்காலை நேரம் நிலம் பிளந்து ஊர் ஊராகப் போய்விட்டது. உயிரிழப்புக் கட்டத்தில் மாசிலாமணி ஒரு எண்ணை எழுதி, அதை அடித்து, பெரிய எண்ணாக எழுதி, அதையும் அடித்து எழுதவேண்டி வந்தது. மூன்று நாள் அவர் பாறைமேலேயே கிடந்தார். பிறகு நோட்டைக் கொண்டுபோய் குருவின் முன்னால் வைத்தார்.

“இதுக்கு நிரப்ப முடியாதும்மா. மறுநாள் காலையில அவங்க புதைச்சாங்க. அவ்வளவுதான் பண்ணினாங்க.”

“அதை எழுதுங்க.”

அவர் எழுதினார். ‘புதைத்தார்கள்.’  வெயில் சாயும்வரை குரு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். 

நாலு நாள் கழித்து மாசிலாமணி அந்தக் கட்டத்திலேயே, இடமில்லாமல் ஓரத்தில் சின்னதாக இன்னொரு வரி சேர்த்தார். ‘ரொட்டி சுட்டார்கள்.’

அக்டோபர் கடைசியில், பகல் சாப்பாட்டு வேளையில், ஜவ்வாது மலை ஆடியது.

பெரிதாக ஒன்றுமில்லை. சமையல்கட்டில் பாத்திரங்கள் கலகலவென்று பேசிக்கொண்டன. கூரையிலிருந்து நாலைந்து ஓடுகள் சரிந்தன. எல்லோரும் கையில் சோற்றோடு வெளியே ஓடிவந்துவிட்டார்கள். மாசிலாமணி வழக்கம்போல வெளியில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நிற்பதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது.

அதே நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை. கொட்டு கொட்டென்று கொட்டியது. ஆனால் ஒருவரும் கூடத்துக்குள் போகத் தயாராயில்லை.

“செத்தாலும் உள்ளே போகமாட்டேன்” என்றாள் சடைச்சி அம்மாள். பல்லில்லாத வாய் குளிரில் தந்தியடித்தது.

குருவும் நனைந்துகொண்டுதான் நின்றார். அவர் மாசிலாமணியைப் பார்த்தார். 

மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு மூலை, அடுத்த மூலை, உத்தரம்.  பிறகு குரல் வந்தது.

“தெக்குச் சுவத்தோரம் மட்டும் யாரும் போகாதீங்க. மத்தபடி வரலாம்.”

யாரும் அசையவில்லை. அவர் வெளியே வந்தார். நனைந்துகிடந்த தன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் நடுக்கூடத்தில் போட்டு, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அப்புறம்தான் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் பக்கத்து ஊர்க்காரர்கள் அவரைத் தேடி வந்துவிட்டார்கள். எங்க வீட்டைப் பாருங்க, எங்க சுவத்தைத் தட்டுங்க என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். எங்கே மூங்கில் முட்டுக் கொடுக்கவேண்டும், எந்தச் சுவரை இறக்கிவிட்டுக் கட்டவேண்டும் என்று நாலு நாள் மலை முழுக்க நடந்தார். போன இடமெல்லாம் சீதாப்பழம் கொடுத்தார்கள். வயிறு உப்பிப்போய்த் திரும்பி வந்தார்.

“நம்ம மலை நோட்டுல ஏறிடுச்சா ஐயா?” என்று சோறு பரிமாறிக்கொண்டே கேட்டார் குரு.

“ஏறிடுச்சும்மா. மூணு புள்ளி ஆறு.”

“ஆறாவது கட்டம்?”

“அதை எழுத எங்கேம்மா நேரம் இருந்துது?”

குரு அவர் இலையில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தார்.

நவம்பரில் ஒருநாள் அரசி கூப்பிட்டாள். மாமியாருக்கு முட்டி ஆபரேஷன், அவரால் வரமுடியாது. பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. “நீங்க வர்றீங்களாப்பா?” என்றாள்.

“கேட்டுச் சொல்றேன்” என்றார் மாசிலாமணி.

“யாரைக் கேக்கணும்?”

அவர் போனை வைத்துவிட்டார். பாறையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். குரு கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

“டிசம்பர்னு சொன்னீங்க. இன்னும் வரலை, தெரியும். ஆனா இப்போ பதில் வேணும்மா.”

“கேள்வி அதேதானா?”

மாசிலாமணி வாயைத் திறந்தார். அந்தப் பழைய கேள்வி வரவில்லை. வருஷம் முழுக்க முப்பத்தெட்டு ஊர் எழுதியிருந்தார். அந்த முப்பத்தெட்டிலும் ஆடாத இடம் தேடி யாராவது கிளம்பிப் போனார்களா என்று யோசித்துப் பார்த்தார். கோழிக்காரக் கிழவர் போகவில்லை. பரீட்சை எழுதிய பிள்ளைகள் போகவில்லை.

“இல்லைம்மா. கேள்வி வேற” என்றார் மெதுவாக. “நான் போயிட்டா அங்கே நிலம் ஆடாம இருக்குமா?”

“ஆடும்.”

“அப்போ நான் அங்கே போய் என்னம்மா பண்ணப்போறேன்?”

குரு துணியைப் பிழிந்து உதறினார்.

“ஆடும்போது அடுப்பை அவ அணைப்பா. குழந்தையை நீங்க தூக்கிக்குங்க.”