ராகுகாலம் பார்த்த கம்ப்யூட்டர்

சங்கரன்கோவிலில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கம்ப்யூட்டர் ராகுகாலம் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அதனால் ஊருக்குக் கட்டிய தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் வெளியே வர ஓட்டை இல்லாமல் போகப் பார்த்தது. நடந்தது இவ்வளவுதான். எப்படி என்று கேட்பீர்கள். சொல்லித் தொலைக்கிறேன்.

கம்பெனிக்குப் புதிதாக ஒரு ஏஐ ஏஜெண்ட் வந்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும். பன்னிரண்டாயிரம் கோப்புகளில் கேட்டதைத் தேடித் தரும். அதற்கு இரண்டு கருவிகள். ஒன்று கோப்பின் பெயரை வைத்துத் தேடும். மற்றது கோப்புக்குள் எழுதியிருப்பதை வைத்துத் தேடும். எது எதற்கு என்று ஏஜெண்டுக்குத் தானாகத் தெரியாது. யாராவது எழுதி வைக்க வேண்டும். எழுதியதை அப்படியே நம்பும்.

எழுதுகிற வேலை ஆபீசில் இருந்த மூன்று பேருக்கு வந்தது. கொண்டல்சாமி, பிச்சாண்டி, திரவியம். வேறு யாருக்கும் நேரமில்லை. இவர்களுக்கு நேரம் மட்டும்தான் இருந்தது.

தொட்டி கட்டும் இன்ஜினியர் இசக்கியம்மாள் போனில் சொன்னாள்: "அண்ணாச்சி, புதுசா வந்த ஆளுக்குச் சொல்லுத மாதிரி எழுதுங்க. போதும்."

புது ஆளுக்கு என்ன சொல்வோம்? எழுதினார்கள்: "வாங்க. உட்காருங்க. சாப்பிட்டீங்களா?"

இசக்கி தொட்டியின் வரைபடம் ஒன்று கேட்டாள். ஏஜெண்ட் பதில் சொன்னது: "வணக்கம். நான் சாப்பிடுவதில்லை. நன்றி." படம் வரவில்லை.

"கோவிச்சுக்கிட்டுதோ?" என்றார் பிச்சாண்டி.

"ஒரு தடவை கேட்டா யாருவே சாப்பிடுவா? வற்புறுத்தணும்," என்றார் கொண்டல்சாமி. "கொஞ்சம் மோராவது குடிங்க" என்று சேர்த்தார்கள். ஏஜெண்ட் மோரையும் மறுத்தது.

"இவ்வளவு எழுதாதீங்க. சுருக்கமா எழுதுங்க," என்றாள் இசக்கி.

சுருக்கினார்கள். முதல் கருவிக்கு "தேடும்." இரண்டாவதற்கும் "தேடும்."

"இரண்டும் தேடும் என்றால் நான் எதை எடுக்கட்டும்?" என்று கேட்டது ஏஜெண்ட். நியாயமான கேள்வி. மூவரும் கூடி யோசித்தார்கள்.

"ஒண்ணை ஒசத்தி எழுதினா மத்தது மனசு நோவும்," என்றார் திரவியம்.

"ஆமா. ரெண்டும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தது," என்றார் பிச்சாண்டி.

மாற்றாமல் விட்டார்கள்.

இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "எப்போ உபயோகிக்கணும், எப்போ உபயோகிக்கக் கூடாது. அதை எழுதுங்க அண்ணாச்சி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இது மூவருக்கும் நன்றாகவே புரிந்தது. சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள்.

"ராகுகாலத்துல கூடவே கூடாது."

"எமகண்டத்துல?"

"கூடாது."

"குளிகை?"

கொண்டல்சாமி வெகுநேரம் யோசித்தார். "குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப நடக்கும்வே. தேடினதையே தேடிக்கிட்டுக் கெடக்கும். அதுவும் வேண்டாம்."

மூன்றையும் கிழமை வாரியாக எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலை பத்தே முக்கால். தொட்டியின் அடித்தளத்துக்குக் கான்கிரீட் கொட்ட வேண்டும். கலவை லாரி வந்துவிட்டது. குழாய்க்கு எந்த இடத்தில் ஓட்டை விடுவது என்று காட்டும் படம் மட்டும் இல்லை. படத்தைப் போட்டவர் அதற்கு என்ன பெயர் வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு மணி தாண்டினால் கலவை லாரிக்குள்ளேயே இறுகிவிடும். ஓட்டை விடாமல் கொட்டினால் தொட்டியில் தண்ணீர் ஏறும், இறங்காது. இரண்டில் எது நடந்தாலும் இசக்கிக்கு வேலை போய்விடும்.

ஏஜெண்ட் சொன்னது: "இப்போது ராகுகாலம். பன்னிரண்டு மணிக்குத் தேடுகிறேன்."

இசக்கி போனில் போட்ட சத்தத்தில் பிச்சாண்டியின் காது இரண்டு நாள் அடைத்தது. போகட்டும்.

திரவியம் நாற்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் திருப்பினார். ஏஜெண்ட் அசையவில்லை.

"அது சன்னலைப் பாத்துல்லா உக்காந்திருக்கு? கடிகாரம் எப்படித் தெரியும்?" என்றார் கொண்டல்சாமி. கம்ப்யூட்டரைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்க்க வைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"பரிகாரம் பண்ணணும்," என்றார் பிச்சாண்டி. கீபோர்டுமேல் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழம் ஓர் எழுத்தை அழுத்திக்கொண்டே இருந்தது. "ளளளளளளள என்ற பெயரில் கோப்பு வேண்டுமா? பன்னிரண்டு மணிக்குப் பார்க்கிறேன்," என்றது ஏஜெண்ட்.

அப்போது வாசலில் கடகடவென்று சத்தம். கலவை லாரிதான். படத்தைக் கையோடு வாங்கி வரச் சொல்லி இசக்கி லாரியையே அனுப்பிவிட்டாள். உருளை சுற்றச் சுற்ற வாசலில் நிறுத்திவிட்டு டிரைவர் உள்ளே வந்தார்.

"படம் எங்கவே?"

மூவரும் கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். டிரைவர் பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். எழுதியிருந்ததைப் படித்தார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டா, நல்ல நேரம் பாத்துப் போன்னா சொல்லுவீரு? எந்தத் தெருவுல திரும்பணும்னு சொல்லணும்வே."

எல்லாவற்றையும் அழித்தார். ஒற்றை விரலால் தட்டினார்: "கோப்பின் பெயர் தெரிந்தால் முதல் கருவி. பெயர் தெரியாமல், உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று மட்டும் தெரிந்தால் இரண்டாவது. கிடைக்காவிட்டால் இல்லை என்று சொல். வேறு எதையாவது எடுத்து நீட்டாதே."

பிறகு "தொட்டி, அடித்தளம், வெளியேறும் குழாய்" என்று கேட்டார். கண் மூடித் திறப்பதற்குள் படம் வந்தது. அதன் பெயர் "புதுசு கடைசி உண்மையிலேயே கடைசி". லாரி படத்தோடு திரும்பிப் போனது. பதினொன்று நாற்பதுக்கு ஓட்டை விட்டுக் கான்கிரீட் கொட்டினார்கள். இசக்கி அங்கேயே உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள்.

இதோடு முடிந்திருக்கலாம். மூன்று பேரும் சும்மா இருந்திருந்தால்.

"அவசரத்துல டிரைவரு ஒண்ணை எழுதாம விட்டுட்டாரு," என்றார் கொண்டல்சாமி.

"என்னது அண்ணாச்சி?"

"நாம இருந்தப்போ கிடைச்சுதா?"

"இல்ல."

"அவரு வந்த பொறவுதானே கிடைச்சுது? அதை எழுத வேண்டாமா?"

மூவரும் தலையாட்டினார்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள்.

திங்கட்கிழமை இசக்கி இன்னொரு படம் கேட்டாள். ராகுகாலம் இல்லை, எமகண்டம் இல்லை, குளிகை இல்லை.

"தேடத் தயார்," என்றது ஏஜெண்ட். "அவர் வந்துவிட்டாரா?"

"யாரு?"

"லாரி டிரைவர் சவரிமுத்து."