மற்ற முப்பத்தெட்டுப் பேர்

"கையெழுத்துப் போடட்டுமா, அம்மா?"

கனகசபாபதி காகிதத்தை நீட்டினார்.

குரு மங்கையர்க்கரசி அதை வாங்கவில்லை. ஆசிரமத்து சைக்கிளின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயது. கனகசபாபதிக்கு அறுபத்து மூன்று. ஆனாலும் மனசு குழம்பினால் அவர் மலையேறி வருவது இங்கேதான்.

"என்ன காகிதம்?"

"கேஸை வாபஸ் வாங்குறேன்னு."

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் மனைவி சிவகாமிக்குப் பேச்சில்லை. செல்போனில் ஓர் ஆப் வைத்திருந்தாள். எழுத்தையோ படத்தையோ தொட்டால் அது அவளுக்காகப் பேசும். அந்த போனுக்கு ஆப் வாங்க ஒரே கடைதான். அதையும் போன் கம்பெனியே நடத்தியது. வேறு கடையை உள்ளே விடவில்லை. ஆப் செய்தவர்களின் வருமானத்தில் கம்பெனி கேட்ட பங்கு ஏற ஏற, ஆப்பின் சந்தாவும் ஏறியது. எதிர்த்து வழக்குப் போட்ட முப்பத்தொன்பது பேரில் கனகசபாபதியும் ஒருவர்.

"கம்பெனி வக்கீல் வீட்டுக்கே வந்துட்டார். நீங்க மட்டும் விலகிக்கோங்க, உங்க மனைவிக்கு ஆயுசுக்கும் இலவசம்னார்."

"சந்தோஷம்தானே?"

"இருக்கணும். ஏன் இல்லைன்னு தெரியலை. அதைக் கேட்கத்தான் வந்தேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"வக்கீலா?"

"உங்க மனைவி."

கனகசபாபதி காகிதத்தை மடித்தார்.

"அவளுக்காகத்தானேம்மா எல்லாம்."

மங்கையர்க்கரசி பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். செயின் சத்தமில்லாமல் ஓடியது. பிறகு சைக்கிளில் ஏறிப் போயேவிட்டார்.

அவர் காரில் கூட்டி வந்திருந்த சிவகாமி ஆசிரமத்துத் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தாள். கனகசபாபதி பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மூன்று வருஷமாக அவளிடம் மாத்திரை, சாப்பாடு தவிர வேறெதுவும் பேசியதில்லை என்பது பாதியில்தான் அவருக்கு உறைத்தது.

அவள் ஒற்றை விரலால் திரையைத் தொட்டாள். மெதுவாக. என்ன சொல்லப்போகிறாள்?

போனிலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது.

"மற்றவர்கள் யார்?"

"எந்த மத்தவங்க?"

"வழக்கு."

கனகசபாபதி யோசித்துப் பார்த்தார். கோர்ட் வராந்தாவில் இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் நின்றாள். அந்தப் பிள்ளை கையிலும் ஒரு போன் இருந்தது. வெள்ளைக் கோலோடு ஒருவர் வந்திருந்தார். இரண்டு வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"தெரியலையே, சிவகாமி."

விரல் மறுபடி நகர்ந்தது.

"கேள்."

மங்கையர்க்கரசி திரும்பி வந்தபோது கனகசபாபதி தன் வக்கீலிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க கேஸ்ல இருக்கிற மத்த முப்பத்தெட்டு பேரோட பேரும் நம்பரும் வேணும் சார்… இல்லை, வாபஸ் விஷயமா இல்லை. முதல்ல, கையில போனோட கோர்ட்டுக்கு வருமே, அந்தக் குழந்தையோட பேரைச் சொல்லுங்க."