மூன்றாவது அனுமதி

பொதிகை மலையடியில் உலகம்மை என்ற துறவி ஓர் ஆசிரமம் நடத்திவந்தார். இனி வைத்தியம் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று மருத்துவமனைகள் அனுப்பிவைப்பவர்களில், போக வீடில்லாதவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களைக் குளிப்பாட்டுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும்தான் அங்கே பூசை, தியானம் எல்லாம்.

வைத்தியலிங்கம் அங்கே சீடராகச் சேர்ந்தபோது குருவைவிட அவருக்கு வயது அதிகம். பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். மனைவி இறந்தபின், வீட்டுச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்று உலகம்மை கேட்டார்.

"வேலையை ஒழுங்குபடுத்தத் தெரியும் அம்மை."

"அதைச் செய்யுங்கள்."

செய்தார். தொண்டர்களின் கைப்பேசிகளில் பணிப்பலகைச் செயலி ஒன்றை ஏற்றினார். யாருக்கு எப்போது மருந்து, யாரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், யாருக்குத் துணி மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் வந்தது. ஆனாலும் சில வேலைகள் விட்டுப்போயின. ஈரக் கையோடு நிற்பவர்களுக்குக் கைப்பேசியில் எழுதப் பொறுமை இல்லை.

எனவே அந்தப் பலகையோடு ஓர் ஏஐ உதவியாளரை இணைத்தார். வாயால் சொன்னால் போதும். அது புரிந்துகொண்டு வேலையை எழுதும், கை ஓய்ந்திருப்பவருக்குக் கொடுக்கும், நினைவூட்டும்.

இணைத்த அன்று அம்மையிடம் போய்ச் சொன்னார். அம்மை ஒரு நோயாளிக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"உதவியாளர் மூன்று அனுமதி கேட்டது அம்மை. பலகையைப் படிக்க, புது வேலை எழுத, நடந்த வேலையை முடிந்தது என்று மூட."

"மூன்றும் கொடுத்துவிட்டீர்களா?"

"கொடுத்தேன். மூன்றாவது இல்லாவிட்டால் பழைய வேலையெல்லாம் பலகையை அடைத்துக்கொண்டு கிடக்கும்."

"சரி," என்றார் அம்மை. அடுத்த விரலைப் பிடித்தார்.

பலன் நன்றாகவே இருந்தது. மருந்து நேரம் தவறவில்லை. முதுகில் புண் விழுவது குறைந்தது. சாயங்காலம் வைத்தியலிங்கம் பலகையைத் திறந்தால் வெறுமையாக இருக்கும். அதைப் பார்க்கும்போது அவர் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி அடங்கும். தான் தேடி வந்த அமைதி இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் காலையில் அவர் தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தபோது பேச்சிமுத்து கூப்பிட்டார். பழைய லாரி டிரைவர். ஈரல் கெட்டுப்போய் வந்தவர். சலவைச் சட்டை போட்டு, வாசலைப் பார்த்தபடி சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சார், என் தம்பி இன்னைக்காவது வாரானா?"

"எந்தத் தம்பி?"

"மாசானம். வரச் சொல்லணும்னு போன வாரமே சொல்லிட்டேன்லா?"

வைத்தியலிங்கம் பலகையைப் பார்த்தார். இல்லை. மூடிய வேலைகளில் தேடினார். 'பேச்சிமுத்துவின் தம்பியைக் கூப்பிட வேண்டும்.' எழுதப்பட்டிருந்தது, தொண்டர் ஜெபமலரிடம் கொடுக்கப்பட்டிருந்தது, அன்றே மூடப்பட்டிருந்தது.

ஜெபமலர் பின்கட்டில் போர்வை பிழிந்துகொண்டிருந்தாள்.

"கூப்பிட்டேன் சார். மணி அடிச்சுது, எடுக்கல. கூப்பிட்டாச்சுன்னு போன்ல சொன்னேன். அதுக்கப்புறம் அது என்கிட்ட வரவே இல்ல. வேற யாரோ பாத்துக்கிட்டாங்கன்னு இருந்துட்டேன்." பிழிவதை நிறுத்தினாள். "அவரு தெனமும் சட்டை போடச் சொல்லுதாரு. நானும் போட்டுவிடுதேன். எதுக்குன்னு கேக்கல சார்."

வைத்தியலிங்கம் நேரே அம்மையிடம் போனார்.

"உதவியாளரின் இணைப்பை எடுத்துவிடுகிறேன்."

"அது என்ன தப்பு செய்தது?"

நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்தபோது, அது தப்பு எதுவும் செய்யவில்லை என்று அவருக்கே தெரிந்தது. கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டாயிற்று என்றார்கள். மூடிவிட்டது.

"அப்படியானால் தப்பு ஜெபமலருடையதா அம்மை?"

"அவள் கூப்பிட்டாள்."

"அந்த மூன்றாவது அனுமதியையாவது எடுத்துவிடவா?"

"எடுத்து யாரிடம் கொடுப்பீர்கள்?"

வைத்தியலிங்கம் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தார்.

"மாசானம் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டார் அம்மை.

மாசானம் ஆலங்குளத்தில் இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை. வைத்தியலிங்கம் அன்று மத்தியானமே போய் நின்றார். மாசானம் வெல்டிங் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, எல்லாவற்றையும் கேட்டார்.

"போன் வந்துச்சு. தெரியாத நம்பர், எடுக்கல," என்றார். பிறகு, "எடுத்திருந்தாலும் வந்திருக்க மாட்டேன்," என்றார்.

"நிலைமை மோசமாக இருக்கிறது. அதிக நாள் இருக்காது."

"எங்க ஆத்தா கெடையில கெடந்து செத்தா. ஆளனுப்பினேன், அவன் வரல. அது அவனுக்குத் தெரியும். வேற என்ன?"

வேறொன்றும் இல்லை. வைத்தியலிங்கம் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். ரோட்டுக்கு வந்துவிட்டார். பின்னாலிருந்து குரல் கேட்டது.

"அவன் இன்னும் எடது பக்கமாத்தான் ஒருக்களிச்சுப் படுக்கானா?"

வைத்தியலிங்கம் நின்றார். பேச்சிமுத்துவைத் திருப்பிப் படுக்கவைக்கும் வேலை பலகையில் தினமும் பலமுறை வந்து, தினமும் மூடப்பட்டது. எந்தப் பக்கம் என்று அவர் பார்த்ததில்லை.

"தெரியவில்லை," என்றார்.

மாசானம் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

ஆசிரமத்துக்குத் திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அம்மை கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"வரமாட்டேன் என்கிறார் அம்மை. பலகையில் இதை எப்படிப் போடுவது? போனேன், பார்த்தேன், சொன்னேன். முடிந்தது என்றா? வரவில்லை, அதனால் முடியவில்லை என்றா?"

"வரச் சொல்லிக் கேட்டவர் உள்ளேதான் இருக்கிறார்," என்றார் அம்மை.

உள்ளே போக வைத்தியலிங்கத்துக்குக் கால் வரவில்லை. மனைவி கடைசியாகக் கிடந்தபோதும் இப்படித்தான், மருந்து, டாக்டர், ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் வெளியே நின்றே ஏற்பாடு செய்தார்.

பிறகு போனார். பேச்சிமுத்துவின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பேச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வேற ஒண்ணும் கேக்கலையா அவன்?"

"நீங்கள் இன்னும் இடது பக்கமாகத்தான் படுக்கிறீர்களா என்று கேட்டார்."

"நீங்க என்ன சொன்னிய?"

"தெரியவில்லை என்றேன்."

பேச்சிமுத்துவின் தொண்டையில் சிரிப்புப் போல ஒன்று வந்து இருமலாகப் போயிற்று. வைத்தியலிங்கம் அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். உடம்பு இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"சின்னதுல ஒரே பாயி," என்றார் பேச்சிமுத்து, மூச்சு வந்ததும். "அவன் பயந்தாங்குளி. எடது பக்கம் அவன் படுப்பான், நான் அவன் பக்கமாத் திரும்பித்தான் படுக்கணும். இல்லன்னா அழுவான்." வாசலைப் பார்த்தார். "சார், எங்க ஆத்தாவுக்கு நான் வராமப் போனது தப்புதான். அதையும் சொல்லணும். அவன் கேட்டதுக்கும் பதில் சொல்லணும்லா?"

"சொல்ல வேண்டும்."

"நீங்க இன்னொருக்க போவியளா?"

வைத்தியலிங்கம் கிணற்றடிக்கு வந்தார். அம்மை கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வரும் வழியிலேயே வைத்தியலிங்கம் கைப்பேசியில் உதவியாளரிடம் பேசியிருந்தார். அது பதில் கேட்டுக் காத்திருந்தது.

"அம்மை, மறுபடியும் போகச் சொல்கிறார். பழைய வேலையைத் திறக்கவா, புதிதாக ஒன்று எழுதவா என்று உதவியாளர் கேட்கிறது. என்ன சொல்ல?"

அம்மை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"ஆலங்குளத்துக்கு அடுத்த பஸ் எப்போது?" என்று கேட்டார்.