சுவரில் தொங்கிய கரண்டிகள்

சத்திரத்து அடுக்களையில் ஒரு வழக்கம் உண்டு. தொழில் கற்க வருகிறவனின் கையை அளந்து பார்த்து, அதற்கேற்ற கரண்டி ஒன்று கொல்லனிடம் அடித்து வாங்கிக் கொடுப்பாள் சமையல் தலைவி அங்காயி. அதன்பின் அது அவனுடையது. போகிற இடமெல்லாம் கூடவே போகும். சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டவன்கூட கூலியை வேண்டுமானால் விட்டுவிட்டு வருவான், கரண்டியை விடமாட்டான்.

அரண்மனையில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று தண்டோரா போட்டதிலிருந்து சத்திரத்துச் சமையல்காரன் மாசிலாமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பது வயதாகிறது. மறுநாள் காலை நேரில் விசாரித்து ஆள் எடுக்கிறார்கள். வேலையோடு வீடும் தருவார்கள். மச்சினன் வீட்டில் சொல்லடி பட்டுக்கொண்டிருக்கும் பெண்டாட்டியை அழைத்துக்கொள்ளலாம்.

அங்காயியோ முகம் கொடுத்தே பேசவில்லை.

“நல்ல வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா அக்கா? எரிஞ்சு விழறீங்களே.”

“போற இடத்தைப் பத்தி என்னடா தெரியும் உனக்கு?”

“எல்லாம் தெரியும். ராசாவுக்கு மிளகு தூக்கலா இருக்கணும், பெருங்காயம் ஆகாது. பாட்டனார் பிடிச்ச கோட்டை, அவருக்கு இருக்கிற பட்டம், எதைக் கேட்டாலும் தலைகீழாச் சொல்வேன்.”

“அதெல்லாம் அவங்களே ஊரைக் கூட்டிச் சொல்லிக்கிறது. இங்கேயிருந்து அங்க வேலைக்குப் போனானே சடையன், அவன் எங்கே?”

“வேற ஊர்ல நல்ல வேலை கிடைச்சுப் போயிட்டாராம். அரண்மனைக் காவல்காரர் சொன்னார்.”

“சொன்னாராம்!” கொதிக்கிற பருப்பில் தண்ணீரை ஓங்கி ஊற்றினாள். “உன் கண்ணால அந்த அடுக்களையைப் பாத்துட்டு வா. பாக்காம என் முன்னால வந்து நிக்காதே.”

பொறாமை, வேறென்ன. வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே நடந்தான். விறகு சுமப்பவர்களோடு தானும் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு அரண்மனை அடுக்களைக்குள் நுழைந்தான். சாயங்காலம் திரும்பியபோது கோபம் இரட்டிப்பாகியிருந்தது.

“பாத்துட்டேன், போதுமா? ஒவ்வொரு அண்டாவுக்குள்ளேயும் ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம். நம்ம இடம் மாதிரி கரிப்பிடிச்ச குகையா அது? சுவர் முழுக்கக் கரண்டி தொங்குது. எடுத்து எடுத்துப் பிடிச்சுப் பாத்தேன், ஒவ்வொண்ணும் ஒரு அளவு, ஒண்ணும் என் கைக்கு அமையலை. இடதுகைக்காரனுக்குன்னு வளைச்சதுகூட ஒண்ணு வச்சிருக்காங்க. எவ்வளவு வசதி பாருங்க!”

அங்காயியின் கை நின்றது.

“இடதுகைக்கா?”

“ஆமா. பிடியில செப்புக்கம்பி சுத்தி...”

சடையனுடைய பிடி விரிசல் விட்டபோது அந்தக் கம்பியைச் சுற்றிக் கொடுத்தது மாசிலாமணிதான்.

“அக்கா... வேற ஊருக்குப் போயிட்டார்னு சொன்னாங்களே.”

எரிகிற விறகை அடுப்பிலிருந்து வெடுக்கென்று வெளியே இழுத்துப் போட்டாள் அங்காயி. கண் சிவந்திருந்தது.

“கரண்டியை விட்டுட்டாடா போனான்?”