இரண்டு மரத்து டீச்சர்

செந்நாய்கள் நடமாடும் ஒரு காட்டில், குட்டிகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. சுவரும் இல்லை, கூரையும் இல்லை. பெரிய வேங்கை மரம் ஒன்றுதான் வகுப்பறை. அங்கே செம்பி என்ற மலையணில் முப்பது குட்டிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

செம்பி கெட்டிக்கார ஆசிரியை. ஆனால் யார் எந்த வேலையைச் சொன்னாலும் "சரி" என்றுவிடுவாள். "முடியாது" என்ற சொல் அவள் வாயில் வந்ததே கிடையாது.

தலைமையாசிரியர் ஒரு கரடி. மனம் நல்ல மனம்தான். என்ன, மற்றவர்கள் செய்கிற வேலை எல்லாம் அவர் கண்ணுக்குக் கடுகளவாகத்தான் தெரியும்.

ஒரு நாள் காலையில் கரடி செம்பியைக் கூப்பிட்டார்.

"டீச்சர், நம் பள்ளியில் மூன்று பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது. மான்குட்டிக்குக் காது கேட்காது. முள்ளம்பன்றிக் குட்டி சத்தம் கேட்டாலே மிரண்டு முள்ளைச் சிலிர்த்துக்கொள்கிறது. மயில் குஞ்சுக்கு எதையும் பத்து முறை சொன்னால்தான் பிடிபடுகிறது. இவர்களுக்கு எதை எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம் என்று பார்க்க வேண்டும். பெற்றோரிடம் பேச வேண்டும். வைத்தியர் ஆமையிடம் யோசனை கேட்க வேண்டும். எல்லாவற்றையும் ஓலையில் எழுதி வைக்கவும் வேண்டும். இனி அந்தப் பொறுப்பு உங்களுடையது."

செம்பிக்கு மகிழ்ச்சிதான். அந்த மான்குட்டி வகுப்பில் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து அவள் பல நாள் வருந்தியிருக்கிறாள்.

"அந்த நேரத்தில் என் வகுப்பை யார் பார்த்துக்கொள்வார்கள், ஐயா?"

"நீங்கள்தான். மூன்று பேரையும் எதிரே இருக்கிற தோதகத்தி மரத்தடியில் உட்கார வையுங்கள். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். மலையணிலுக்கு இது ஒரு தாவல். இதெல்லாம் ஒரு பெரிய வேலையா?"

"சரி, ஐயா" என்றாள் செம்பி.

அன்று முதல் அவள் தாவத் தொடங்கினாள்.

அப்போது நடந்துகொண்டிருந்தது எச்சரிக்கைப் பாடம். உச்சிக்கிளையில் காவல் இருக்கும் கருங்குரங்கு ஒரு முறை கத்தினால், மேலே கழுகு வருகிறது. புதருக்குள் ஒளிய வேண்டும். இரண்டு முறை கத்தினால், செந்நாய் வருகிறது. பாறைமேல் ஏற வேண்டும். செந்நாய் வரும்போது புதருக்குள் ஒளிந்தால் கதை முடிந்தது.

செம்பி முதல் குரலைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "இரண்டாவது குரல்..." என்று தொடங்குவாள். அதற்குள் எதிர் மரத்தடியில் முள்ளம்பன்றிக் குட்டி மிரண்டுபோய் அலறும். அங்கே தாவுவாள். அதன் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசி அடக்குவாள். பிறகு மான்குட்டியின் முன்னால் வாலைத் தூக்கிக் காட்டி, ஒரு சைகை சொல்லிக் கொடுப்பாள். மான்குட்டியின் கண்ணில் ஏதோ புரிந்தாற்போல ஒரு வெளிச்சம் வரும். சரியாக அந்த நேரம் பார்த்து வேங்கை மரத்தடியில் குரங்குக் குட்டிகள் அடித்துக்கொள்ளும். மறுபடி தாவல்.

ஒரு நாள் தாய் மான் வந்து நின்றது.

"டீச்சர், என் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும் என்றீர்களே?"

"ஆமாம் அம்மா. உங்கள் பிள்ளைக்குக் கண் நல்ல கூர்மை. அதனால்... ஐயோ, கொஞ்சம் இருங்கள், இதோ வந்துவிடுகிறேன்!"

"நேற்றும் இப்படித்தான் போனீர்கள்" என்றது தாய் மான். அதன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் செம்பிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இப்படியே இருபது நாள் போயிற்று. செம்பி இளைத்துப் போனாள். எழுத வேண்டிய ஓலைகள் மரப்பொந்தில் குவிந்து கிடந்தன.

இருபத்தோராம் நாள், நடுப்பகலில், கருங்குரங்கு இரண்டு முறை கத்தியது.

செம்பி அப்போது இரண்டு மரங்களுக்கும் நடுவில், ஒரு கொடியில் தொங்கிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பார்த்தாள். வகுப்பில் பாதிக் குட்டிகள் புதருக்குள் ஓடின. மறுபக்கம் பார்த்தாள். மான்குட்டி ஒன்றும் அறியாமல் தழை தின்றுகொண்டிருந்தது.

செம்பி மான்குட்டியிடம் பாய்ந்தாள். அதை முட்டித் தள்ளிக்கொண்டு, மற்ற இரண்டையும் விரட்டிக்கொண்டு பாறைக்கு ஓடினாள். திரும்பி ஓடிவந்து, "புதரில் வேண்டாம்! பாறை! பாறை!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

அதற்குள் செந்நாய்கள் வந்துவிட்டன. நல்லவேளை, சத்தம் கேட்டுக் கரடி உறுமிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்ததும் செந்நாய்கள் பின்வாங்கின. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் புதரில் ஒளிந்திருந்த முயல் குட்டியின் பின்னங்காலில் பல் ஆழமாகப் பதிந்திருந்தது.

கரடிக்குக் கோபம் தலைக்கேறியது.

"வகுப்புக்கும் பாடம் வரவில்லை. அந்த மூன்றுக்கும் வரவில்லை. இருபது நாளாக என்னதான் செய்தீர்கள்?"

செம்பி முயல் குட்டியின் காலில் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்த பிறகே நிமிர்ந்தாள்.

"எனக்குச் சரியாகத் தாவத் தெரியவில்லை போலிருக்கிறது, ஐயா. நாளை ஒரு நாள் நீங்கள் செய்து காட்டினால், பார்த்துக் கற்றுக்கொள்வேன்."

"அதற்கென்ன! பாருங்கள்" என்றார் கரடி.

மறுநாள் காலையில் கரடி வேங்கை மரத்தடியில் கம்பீரமாக நின்று பாடத்தைத் தொடங்கினார். அவர் குரல் இடிபோல எழுந்தது. எதிர் மரத்தடியில் முள்ளம்பன்றிக் குட்டி வீலென்று அலறியது. கரடி அங்கே ஓடினார். சமாதானம் சொல்லப் போய், மூக்கில் இரண்டு முள் வாங்கிக்கொண்டார். வகுப்பில் குரங்குக் குட்டிகள் கட்டிப் புரண்டன. இங்கே ஓடினார். மயில் குஞ்சு, "ஐயா, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றது. அங்கே ஓடினார். தாய் மான் வந்து நின்றது. "இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

செம்பி கிளையில் உட்கார்ந்து, இருபது நாள் ஓலைகளையும் ஒவ்வொன்றாக எழுதி முடித்தாள்.

வெயில் உச்சிக்கு வருமுன் கரடி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. மான்குட்டி அவரிடம் வந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கு என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

முள் குத்திய மூக்கைத் தடவிக்கொண்டே, "இந்த இரண்டு மரத்துக்கும் நடுவில் எத்தனை அடி, டீச்சர்?" என்று கேட்டார்.

"முப்பது அடி, ஐயா."

"நேற்று வரை எனக்கு அது ஒரு தாவலாகத்தான் தெரிந்தது."

செம்பி கீழே இறங்கி வந்தாள். "என்மீதும் தவறு இருக்கிறது, ஐயா. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். முயல் குட்டி கடிபட்ட பிறகுதான் எனக்கு வாய் வந்தது."

மறுநாள் முதல் ஏற்பாடு மாறியது. காலையில் செம்பி வகுப்பை விட்டு நகர மாட்டாள். மதியத்துக்குமேல் வகுப்பைக் கரடி பார்த்துக்கொள்வார். தொண்டையை அடக்கிப் பேசவும் பழகிக்கொண்டார். அந்த நேரம் முழுவதும் செம்பி மூன்று குட்டிகளோடு இருந்தாள். தாய் மானிடம் தொடங்கிய பேச்சை ஒரே மூச்சில் பேசி முடித்தாள். கத்தும்போது கையையும் அசைக்கும்படி கருங்குரங்கிடம் சொல்லி வைத்தாள். பத்தே நாளில், அதன் கை ஒரு முறை அசைகிறதா, இரு முறை அசைகிறதா என்று பார்த்தே மான்குட்டி வழி தெரிந்துகொண்டது.

மாதம் ஒன்று போயிற்று. கரடி ஒரு நாள் வந்து, "டீச்சர், மழைக்கால விழா வருகிறது. அதையும் நீங்களே..." என்று தொடங்கினார்.

"செய்கிறேன், ஐயா" என்றாள் செம்பி. "எந்த நேரத்தில்?"

கரடி செம்பியின் நாள் முழுவதையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு விழா வேலையை ஒப்படைக்க, கையில் வேலை இல்லாத கௌதாரியைத் தேடிக்கொண்டு போனார்.

நீதி: ஒருவரிடம் வேலையைக் கொடுத்தால், அதைச் செய்ய நேரத்தையும் சேர்த்துக் கொடு.