முப்பத்தொன்பதாம் நாள்

மாசில்லாமணி உபதேசியாரைத் தவசிமுத்து கடைசியாக உயிரோடு பார்த்தது, செங்குடிவிளை வேதக்கோயிலில் அசனம் நடந்த சனிக்கிழமையன்று. ஊரார் ஆளுக்குக் கொஞ்சம் அரிசியும் தேங்காயும் கொடுத்து, கோயில் வளாகத்தில் ஆட்டுக்கறி ஆக்கி, யார் எவர் என்று கேட்காமல் எல்லாருக்கும் பந்தி போடும் நாள் அது. அன்று சாயங்காலமே உபதேசியார் மாற்றலாகி, மலையடிவாரச் சபை ஒன்றுக்குப் பஸ் ஏறினார். ஆறு மாதத்தில் அங்கேயே கண்ணை மூடிவிட்டார்.

அசனத்தன்று உபதேசியாருக்கு நாற்பத்தெட்டு வயது. தவசிமுத்துக்கு அறுபத்துநாலு. தன்னைவிட இளையவரைக் குருவாக வைத்துக்கொண்டதில் தவசிமுத்துக்கு வெட்கம் எதுவும் இல்லை.

"வயசு பார்த்தா பஸ்ல ஏறுதோம்? ஊர் போய்ச் சேருமான்னுதான பார்க்கோம்" என்பார்.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். உவமைகளோடு கோபமும் பஸ்ஸிலிருந்துதான் வந்திருந்தது. கோபம் வந்துவிட்டால் வாயில் வரும் வார்த்தையை வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது. அதை அவர் ஒருமுறை கோயில் வாசலில் வைத்தே சொல்லிவிட்டார்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஈஸ்டர் அது. திருவிருந்து வாங்கிவிட்டு வெளியே வந்தவர், தன் சைக்கிள் டயர் கிழிந்து நிற்பதைப் பார்த்தார். மனைவியின் தம்பி சற்குணம் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், கறி வாங்கி வந்து, ஒன்றும் தெரியாதவன் போலப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். தவசிமுத்து வாயைத் திறந்தார். சபையே கேட்டது. உதட்டில் திராட்சரசத்தின் ஈரம் இன்னும் காயவில்லை.

அன்றைக்கே ஒரு தீர்மானம் செய்தார். கோபத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் நாற்பது நாள் முழுசாக இருக்க வேண்டும். இருந்தால்தான் இனிப் பீடத்துப் பக்கம் போவது.

ஒன்பது வருடமாக நாற்பது வரவில்லை. ஒரு தடவை இருபத்தாறு வரை போனார். இருபத்தேழாம் நாள் பக்கத்து வீட்டு ஆடு முருங்கைக் கன்றைத் தின்றுவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு வெளியூரிலிருந்து குருவானவர் வந்து திருவிருந்து கொடுக்கும்போதெல்லாம் அவருடைய மனைவி ரத்தினபாய் தனியாகவே பீடத்துக்குப் போய் முழங்கால் போட்டாள். அவர் அதற்குள் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்து, வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அசனத்திலும் அப்படித்தான். விறகு சுமப்பார், தண்ணீர் சுமப்பார். பந்தியில் மட்டும் உட்கார மாட்டார். வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிப்பார்.

இந்தத் தடவை அசனத்தன்று முப்பத்தொன்பது ஆகியிருந்தது. மறுநாள் முதல் ஞாயிறு. ரத்தினபாய் வெள்ளை வேட்டியை இஸ்திரிப் பெட்டி போட்டுத் தயாராக எடுத்து வைத்துவிட்டாள். ஒன்பது வருடமாக அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாவதற்குள் ஒரு தடவையாவது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட வேண்டும். அந்தச் சந்தோஷத்தை அவளால் வாய்க்குள் வைத்திருக்க முடியவில்லை. தெருத் தெருவாகச் சொல்லிவிட்டாள்.

காலையில் தவசிமுத்து கோயிலுக்குப் போனபோது உபதேசியார் அசன அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"அழாதிய ஐயா. மாற்றல்தான?"

"செங்குடிவிளையை விட்டுப் போறதுக்கு நான் ஏன் அழணும்? கோயில்ல நீங்க பாடுறதைக் கேட்டப்ப வராத கண்ணீர், வெங்காயத்துக்கு வருது."

தவசிமுத்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். அவரும் ஒரு வெங்காயத்தை எடுத்தார்.

"இன்னைக்கு முப்பத்தொன்பது ஐயா."

"ஊரே சொல்லுது."

"நாளைக்கு நான் தகுதி ஆயிருவேன்லா?"

உபதேசியார் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"எனக்குத் தெரியல அண்ணாச்சி. ஒண்ணு செய்யுங்க. இன்னைக்கு நீங்க விறகு சுமக்க வேண்டாம். பந்தல் வாசல்ல நில்லுங்க. வர்ற ஆளையெல்லாம் நல்லாப் பாருங்க. தகுதி உள்ளவங்களை மட்டும் சாப்பிட உள்ள விடுங்க. தகுதின்னா என்னன்னு சாயங்காலம் நீங்களே எனக்குச் சொல்லுங்க."

"பஸ்ல டிக்கெட் பார்க்கிற மாதிரியா?"

"அதே மாதிரி."

பதினொரு மணிக்கு ஜெபம் முடிந்து முதல் பந்தி தொடங்கியது. தவசிமுத்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். முதலில் வந்தவன் செல்லத்துரை. சட்டையை உள்வெளியாகப் போட்டிருந்தான்.

"நில்லு. குடிச்சிருக்கியா?"

"இல்ல அண்ணாச்சி. சாப்பிட்டுட்டுத்தான் போகணும். வெறும் வயித்துல குடிச்சா ஆகாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு."

தவசிமுத்து அவனை மேலும் கீழும் பார்த்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. வழி விட்டார்.

அடுத்து மரகதம், கீழத்தெருக்காரி, மூன்று பிள்ளைகளோடும் இரண்டு தூக்குவாளிகளோடும் வந்தாள்.

"நீ நம்ம கோயில் இல்லையே?"

"இல்ல. நாங்க அம்மன் கோயிலு. வாசம் எங்க தெரு வரைக்கும் வந்துச்சு. அதான் வந்தோம்."

"உள்ள வரதுக்கு என்ன தகுதி இருக்கு உனக்கு?"

"காலையில இருந்து நாலு பேரும் பச்சைத்தண்ணி பல்லுல படாம இருக்கோம். அது போதாதா?"

பிள்ளைகள் அதற்குள் அவர் கைக்கு அடியில் புகுந்து போய்விட்டார்கள். பிறகு பால்காரர் வந்தார். பாலில் அவர் என்ன கலக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். ஒரு தேங்காய்கூடக் கொடுக்காத பெரிய வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்தார். ஊர் வம்பெல்லாம் அளக்கும் மூன்று பெண்கள் வந்தார்கள். தவசிமுத்து ஒவ்வொருவரையும் நிறுத்தினார். ஒவ்வொருவரையும் விட்டார். எல்லாரிடமும் அவர் மெதுவாகத்தான் பேசினார். நிறைகுடத்தைத் தலையில் வைத்திருப்பவர் மாதிரி முப்பத்தொன்பதாம் நாளைச் சுமந்துகொண்டு நின்றார்.

மூன்றரை மணிக்குச் சற்குணம் வந்தான். அவன் ஏற்கெனவே அடுப்படி வழியாகப் புகுந்து இரண்டு பந்தி சாப்பிட்டிருந்தான். இப்போது வீட்டுக்கு வாங்கிப் போகக் கையில் ஒரு குத்துப்போணிப் பாத்திரம் வைத்திருந்தான். குளிக்கிற அளவுக்குத் தண்ணீர் பிடிக்கும்.

"என்ன அத்தான், முப்பத்தொன்பதாமே. அக்கா சொன்னா."

தவசிமுத்து வானத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு மாலை, மேளம் எல்லாம் சொல்லிரட்டுமா? பீடத்துக்கு நடந்தா போவிய? இல்ல, என் சைக்கிளைத் தரட்டுமா?"

பஸ் ஸ்டாண்டில் கற்றுக்கொண்டு, முப்பத்தொன்பது நாளாக அவர் பூட்டி வைத்திருந்த வார்த்தை வெளியே வந்தது. தனியாக வரவில்லை. கூடவே அதன் சொந்தபந்தமும் வந்தது. குழம்பு வாளியோடு போனவர்கள் அப்படியே நின்றார்கள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த ரத்தினபாய் கரண்டியை வாளிக்குள் விட்டுவிட்டாள்.

சற்குணம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்தான்.

"சரி அத்தான். உள்ள போகட்டா?"

"போய்த் தொலை. ஈரல் தீரப் போகுது."

அவன் போய்விட்டான். தவசிமுத்து பந்தல் காலை விட்டார். கோயிலுக்குப் பின்னால் போய், கவிழ்த்து வைத்த அண்டா ஒன்றின் மேல் உட்கார்ந்தார். இனி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அறுபத்துநாலு வயதில் இன்னும் எத்தனை நாற்பது இருக்கிறது என்று தெரியவில்லை. ரத்தினபாயிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

உபதேசியார் வந்து எதிரில் நின்றார்.

"போச்சு ஐயா."

"கேட்டுது. பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும்."

"நீங்க என்னை வாசல்ல நிறுத்தாம இருந்தா தப்பிச்சிருப்பேன்."

"நாளைக்குக் காலையில சற்குணம் உங்க வீட்டு வாசலுக்கே வந்திருப்பான்."

தவசிமுத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சரி, கணக்கு சொல்லுங்க" என்றார் உபதேசியார். "தகுதியான ஆளு எத்தனை பேரு வந்தாங்க?"

"ஒருத்தரும் இல்ல."

"எத்தனை பேரைத் திருப்பி அனுப்புனிய?"



"ஒருத்தரையும் இல்ல."

"சற்குணத்தைக்கூடவா?"

"அவனையுந்தான்."

"அவன் மேல அவ்வளவு கோபம் வந்துதே. ஏன் விட்டிய?"

"சாப்பிட வந்தான். சோறு கிடக்கு. என் வீட்டுச் சோறா அது, நான் மாட்டேன்னு சொல்ல?"

உபதேசியார் அவர் கையைப் பிடித்து எழுப்பினார். பந்தலுக்குள் கூட்டிக்கொண்டு போனார். பந்தியில் ஓர் இடம்தான் காலியாக இருந்தது. அது சற்குணத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஐயா, நான் எப்படி..."

"நீங்க இப்ப வாசல்காரர் இல்ல அண்ணாச்சி. அந்த வேலை முடிஞ்சுது."

சற்குணம் குத்துப்போணியை நகர்த்தி இடம் விட்டான்.

"வாங்க அத்தான். ஈரல் தீந்துட்டு. எலும்பு நல்லாருக்கு."

தவசிமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உபதேசியார் அவர் முன்னால் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். பனையோலைக் கடகப்பெட்டியிலிருந்து சோற்றை அள்ளி வைத்தார். குழம்பு ஊற்றினார். தவசிமுத்து கையை மடியிலேயே வைத்துக்கொண்டு இலையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்.

ரத்தினபாய் ரசவாளியோடு எதிரில் வந்து நின்றாள். அழுதிருந்தாள். இப்போது அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்ன முகம் காட்டுவது என்று தெரியாமல் நின்றாள்.

"அப்ப நாளைக்கு?" என்றாள்.

"ஏழு மணி ஆராதனைதான? ஆறுக்கே எழுப்பிவிடு."

அவள் ரசத்தை ஊற்றினாள். பாதி இலையில் விழுந்தது, பாதி சற்குணத்தின் காலில் விழுந்தது. அவன் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

நாலரை ஆகியிருந்தது. உபதேசியார் சட்டையை மாற்றிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சொல்லிவிட்டுப் போக வந்தார். தவசிமுத்து இரண்டாம் தடவை சோறு வாங்கியிருந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"பஸ் வந்துரும். சீக்கிரம் கேளுங்க."

"நாளைக்குப் போயிட்டு வெளிய வரேன். வரும்போதே திரும்பவும் வாயில வந்துட்டுன்னா? நீங்களும் இங்க இருக்க மாட்டிய. நான் என்ன செய்ய?"

உபதேசியார் அவருடைய இலையைப் பார்த்தார்.

"இன்னைக்கு இவ்வளவு சாப்பிடுதிய. நாளைக்குப் பசிக்காதா?"

"பசிக்கும்."

"பசிச்சா வாங்க."

தவசிமுத்து தலையை ஆட்டினார். அவர் வாய் நிறையச் சோறு இருந்தது.

பந்தலுக்குப் பின்னால், ஓலைப்பாயில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டி வைத்த சோறு, இன்னும் ஒரு பந்திக்கு இருந்தது.